வளையம் மூட மறுக்கும்போது: ருதேனியம் ஊக்கித் தாக்கங்களில் பிழை தேடும் வழி

"அக்கா, ஊக்கி செத்துப்போச்சு."

வளையம் மூடும் மெற்றதீசிஸ் செய்ய எங்கள் சிறிய ஆய்வுகூடத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் முதல் மாதத்தில் ஒருமுறையாவது என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஊக்கி உயிரோடுதான் இருக்கும். கரைப்பானில் இருந்த ஏதோ ஒன்று, வெளியேறாமல் தங்கிய எதிலீன், மத்தியானத்தில் குளிராக்கியில் ஓடிய சுடுதண்ணீர் என்று காரணம் வேறெங்காவது இருக்கும். எங்கள் அலுமாரியில் விலை கூடிய பொருள் ஊக்கிதான். புதுப் போத்தலுக்கு எழுதிப் போட்டால் அது வன்னிக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

இது இரண்டு முனைகளிலும் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறை ருதேனியம் ஊக்கியால் வளையமாக்கி, எதிலீனை வெளியேற்றும் தாக்கத்துக்கான குறிப்பு. வளையமாக்கப் போகும் அந்த மூலக்கூறைத்தான் தாக்கி என்கிறேன். அளவுகள் எல்லாம் 1 மில்லிமூல் தாக்கிக்குக் கணக்கிட்டவை.

## எதையும் தொடுமுன்: அளவுகோல் தாக்கம்

சுத்தமான டையெதைல் டையலைல்மலோனேற்றில் கொஞ்சம் எடுத்து, "தொடாதே" என்று எழுதி ஒதுக்கி வையுங்கள். அதில் 240 மில்லிகிராமை வாயு நீக்கிய 10 மில்லிலீற்றர் டைகுளோரோமெதேனில் கரைத்து, இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் என்ற ருதேனியம் ஊக்கி 8.5 மில்லிகிராம் போடுங்கள். அது 1 மூல் சதவீதம், அதாவது தாக்கியின் நூறு மூலக்கூறுக்கு ஊக்கி ஒன்று. 30 பாகை போதும், அதற்கு இங்கே சூடாக்கி தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் ஐந்து காபன் வளையமாகிவிட வேண்டும். என்எம்ஆரில் (காந்தப் புலத்தில் எடுத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) பார்த்தால் 2.6 ppm இல் இருந்த அலைல் உச்சி போய் 3.0 இல் ஒற்றை உச்சி எழும்பியிருக்கும்.

வளையமாகிவிட்டால் ஊக்கி, கரைப்பான், காற்றைத் தள்ளி வைக்கும் ஆகன் வாயு மூன்றும் சரி, பிழை உங்கள் தாக்கியில். ஆகாவிட்டால் உங்கள் தாக்கியில் குற்றமில்லை, மற்ற மூன்றில் ஒன்றுதான். இந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் வாரங்களை இழந்திருக்கிறோம்.

## அறிகுறி 1: ஒன்றுமே நடக்கவில்லை

உண்மையிலேயே நடக்கவில்லையா? இந்தத் தாக்கிகள் பலவற்றைக் கழியூதா விளக்கு காட்டாது. டிஎல்சி (மெல்லிய படலத்தில் சேர்வைகளைப் பிரிக்கும்) தட்டைப் பொற்றாசியம் பரமங்கனேற்றில் தோய்த்துப் பாருங்கள். தாக்கியும் விளைபொருளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு ஏறுவதும் சாதாரணம். தாக்கி, கலவை, இரண்டும் சேர்ந்தது என மூன்று புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இடுங்கள். மத்தியான வெக்கையில் தொட்டிக்குள்ளேயே கரைப்பான் ஆவியாகி உயரம் மாறிவிடும், ஆகவே நேற்றைய தட்டோடு இன்றையதை ஒப்பிட வேண்டாம்.

நிறுவை சரியா? ஊக்கிகளின் மூலர்த் திணிவு ஒன்றல்ல. 1 மூல் சதவீதத்துக்கு இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் 8.5 மில்லிகிராம், ஹொவெய்டா–கிரப்ஸ் இரண்டாம் தலைமுறை 6.3 மில்லிகிராம். தராசு 1 மில்லிகிராம் வரைதான் காட்டும் என்றால் நேரடியாக நிறுக்காதீர்கள். 40 மில்லிகிராமைக் கரைத்து, வேண்டிய கனவளவை ஊசியால் எடுங்கள். கரைசல் நாள் கணக்கில் தாங்காது, எடுத்த மிச்சத்தை அன்றைக்கே பாவித்து முடிக்க வேண்டும்.

கரைப்பான் போத்தலின் லேபலைப் படித்தீர்களா? டைகுளோரோமெதேன் கெடாமல் இருக்க உற்பத்தியாளர் எதனோல் அல்லது அமிலீன் கலந்திருப்பார். அமிலீன் தானே ஓர் இரட்டைப் பிணைப்புச் சேர்வை, அதுவும் மெற்றதீசிஸுக்குள் நுழையும். ஈதர், டெற்றாஹைட்ரோபியூரான் என்றால் பேரொட்சைட்டுத் தாளால் சோதியுங்கள். டைமெதைல்போமமைட்டு, அசற்ரோநைத்திரைல் போன்றவை ருதேனியத்தில் ஒட்டிக்கொள்ளும், முந்திய படியில் பாவித்தது துளி மிஞ்சினாலும் போதும்.

ஒட்சிசன் போனதா? இங்கே எங்களுக்குத் திரவ நைதரசன் எப்போதாவதுதான் கிடைக்கும். அதனால் உறைய வைத்து வெற்றிடமிடும் முறையை நம்பியிருக்காமல், நீண்ட ஊசியை அடிவரை இறக்கி ஆகனை 20 முதல் 30 நிமிடம் குமிழிக்கிறோம். டைகுளோரோமெதேன் 40 பாகைக்குக் கிட்டவே கொதிப்பது, குமிழிக்கும்போதே ஒரு பங்கு பறந்துவிடும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குமிழித்து, பிறகு கனவளவைச் சரி பாருங்கள். நேற்று ஊதிய பலூனை இன்று நம்ப வேண்டாம், றப்பர் வழியே காற்று உள்ளே வந்துவிடும்.

தாக்கியில் நைதரசனோ கந்தகமோ இருக்கிறதா? கார அமைன் ஊக்கியை முடக்கும். செலவில்லாத வழி, ஒரு சமவலு (மூல் கணக்கில் சம அளவு) அமிலம் சேர்த்து அமைனை உப்பாக்கிவிட்டுத் தாக்கத்தை நடத்துவது. அது சரிவராவிட்டால் அமைனை மூடி மறைக்கும் போக் (Boc) காப்புத் தொகுதியைப் போடுங்கள். தயோல் (கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த தொகுதி) இருந்தால் காப்பு இல்லாமல் முயல வேண்டாம். உங்கள் தாக்கியில் இரண்டுமே இல்லை, ஆனால் அலைல் புரோமைட்டாலும் காரத்தாலும் செய்தது என்றால், மிஞ்சிய காரத்தைச் சந்தேகியுங்கள். நடுநிலை அலுமினாவை இரண்டு விரல் உயரத்துக்கு இட்டு, அதனூடாக ஒருமுறை வடித்தால் போதும். எங்கள் "செத்த" ஊக்கிகளில் அதிகமானவை உயிர்த்தது இந்த ஒரு வடிப்பால்தான்.

இரட்டைப் பிணைப்பு நெரிசலானதா? முதல் தலைமுறை கிரப்ஸ் நெரிசலான பிணைப்புகளோடு மல்லுக்கட்டும். மூன்று பக்கம் நிரம்பியது என்றால் இரண்டாம் தலைமுறைக்கு மாறி, தொலுயீனில் 80 பாகை வரை போங்கள். நான்கு பக்கமும் நிரம்பியது என்றால் அதற்கென்றே நெரிசல் குறைத்து வடிவமைத்த ஊக்கி தேவை. அப்படி ஒன்றை வாங்குமுன் இந்தத் துறையில் பழகிய ஒருவரிடம் உங்கள் மூலக்கூறைக் காட்டிப் பேசுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஊக்கிப் போத்தலுக்கு வர வேண்டும். அதைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

## அறிகுறி 2: நன்றாகத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது

முதலில் நிறத்தைப் பற்றி ஒரு சொல். முதல் தலைமுறை ஊதாவாக இருந்து செம்மஞ்சள், கபிலம் என்று மாறும். அந்த மாற்றம் ஊக்கி வேலை செய்யத் தொடங்கியதற்கான அடையாளம். கபிலத்தைப் பார்த்துப் பயந்து குடுவையைக் கவிழ்த்துவிட வேண்டாம். கறுத்துப் போய், தட்டிலும் அசைவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

எதிலீன் வெளியே போகிறதா? 1 மில்லிமூல் தாக்கி தரும் எதிலீன் எங்கள் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 25 மில்லிலீற்றர். மூடிய சிறு குடுவையில் அது போக இடமில்லை. இருந்து, வளையத்தைத் திரும்பத் திறக்கப் பார்க்கும், ஊக்கியையும் சிதைக்கும். செப்டத்தில் (குடுவையின் றப்பர் மூடியில்) இன்னொரு ஊசி குத்தி எண்ணெய்க் குமிழிக்குத் தொடுங்கள், மறுபக்கம் ஆகன் மெதுவாக ஓடட்டும். எதிலீன் எரியும் வாயு, குமிழியின் முனை புகைக்கூண்டுக்குள் இருக்கட்டும். இதைச் செய்த பிறகு தாக்கம் திரும்ப நகர்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

நகரவில்லையா? ஊக்கியைப் பிரித்துப் போடுங்கள். 5 மூல் சதவீதத்தை ஒரேயடியாகக் கொட்டுவதைவிட 1, 1 ஆக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சேர்ப்பது நல்லது. எவ்வளவு ஊக்கி சாகும் என்பது அது எவ்வளவு நேரம் குடுவையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேலை தொடங்குமுன்பே கரைத்து வைத்துவிட்டு ஆகனுக்கு ஓடித் திரிய வேண்டாம்.

அருகில் காபனைல் இருக்கிறதா? எசுத்தரோ அமைட்டோ சரியான தூரத்தில் இருந்தால் ருதேனியத்தைத் தன் பக்கம் வளைத்துப் பிடித்து வைத்திருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டை 0.3 சமவலு சேர்த்துப் பாருங்கள், அது காபனைலைத் தன்னோடு கட்டி ருதேனியத்தை விடுவிக்கும். இதை மாரி காலத்தில் திறந்தால் நொடியில் வெள்ளைத் தூளாகிவிடும். ஊசியால்தான் எடுக்க வேண்டும், போத்தலை ஆகனின் கீழ் மூட வேண்டும்.

எட்டு முதல் பதினொன்று வரையான வளையங்கள் இயல்பாகவே கடினமானவை. ஐந்து, ஆறு, ஏழு வளையங்களில் பழகிய கை இங்கே தன்னையே நொந்துகொள்ளும். உங்கள் தாக்கியில் இரண்டு முனைகளையும் கிட்ட வளைத்துப் பிடிக்கும் எந்தக் கட்டும் இல்லையென்றால், இன்னும் 5 சதவீதம் ஊக்கியை எரிப்பதைவிட, மூலக்கூறை மாற்றி வடிவமைக்க வேண்டுமா என்று மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேசும் நேரம் இதுதான்.

## அறிகுறி 3: தாக்கி போய்விட்டது, ஆனால் வளையம் இல்லை, பிசின்தான்

டிஎல்சியில் அடியில் ஒரு கறை, கொலத்தில் (சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில்) இறங்க மறுக்கும் பிசின். மூலக்கூறுகள் தமக்குள்ளே வளையாமல் ஒன்றோடொன்று கோர்த்துச் சங்கிலியாகியிருக்கின்றன.

செறிவு. ஐந்து, ஆறு வளையங்களுக்கு 1 மில்லிமூலுக்கு 10 மில்லிலீற்றர் சரி. பதினான்கு, பதினாறு என்றால் அதே அளவுக்கு 200 மில்லிலீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை வேண்டும். தாக்கியைச் சொட்டுப் புனலால் சில மணித்தியாலங்களுக்கு மெதுவாக இறக்கினால் இன்னும் நல்லது. இவ்வளவு கரைப்பானில் வாயு நீக்கம் இரட்டிப்பு முக்கியம். காற்றுப்பட்ட ஒரு லீற்றரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் நீங்கள் போடும் ஊக்கியைவிடக் கூட.

குளிராக்கித் தண்ணீர். இதை எந்தக் கைநூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சித்திரை, வைகாசியில் கூரைத் தாங்கியில் இருந்து வரும் தண்ணீர் மதியத்தில் கை பொறுக்காத சூடு. 40 பாகையில் கொதிக்கும் கரைப்பானை அந்தத் தண்ணீர் எப்படித் திரும்ப இறக்கும்? குளிராக்கி இருக்கிறது, தண்ணீரும் ஓடுகிறது, கரைப்பான் மட்டும் குறைந்துகொண்டே போகும். செறிவு ஏறும், சங்கிலி வளரும். ஒருநாள் 200 மில்லிலீற்றரில் தொடங்கி, சாப்பிட்டுவிட்டு வந்தபோது 60 தான் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து குடுவையில் மட்டக்கோடு கீறாமல் எதையும் கொதிக்க விடுவதில்லை. பெரிய பெட்டியில் பனிக்கட்டி போட்டு, மீன்தொட்டி மோட்டார் ஒன்றால் அந்தத் தண்ணீரையே சுற்ற விடுங்கள். மீன்வாடிக்காரரிடம் கிடைக்கும் ஐஸ் கட்டியே போதும். இல்லாவிட்டால் விடியற்காலையில் தொடங்குங்கள், அல்லது 110 பாகையில் கொதிக்கும் தொலுயீனுக்கு மாறுங்கள். எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கடினமானது, குளிராக்கியின் உள்ளே வெள்ளைப் படை பிடித்தாலும் குளிர் குறையும். வினாகிரியை ஓர் இரவு நிரப்பி வைத்தால் அது கழன்றுவிடும்.

ஊக்கியைக் கொல்லாமல் செறிவாக்கினீர்களா? தட்டில் அழகான வளையம் தெரிந்தது, கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரியில் போட்டு எடுத்தபின் பிசின் என்றால், கோளாறு ரோட்டரியில் நடந்திருக்கிறது. ஊக்கி உயிரோடு இருக்கும்போது கரைப்பானை வற்ற விட்டால், செறிவு ஏற ஏற அது வளையத்தைத் திறந்து கோர்க்கும். முதலில் ஊக்கியைக் கொல்ல எதைல் வைனைல் ஈதர் அரை மில்லிலீற்றர் விட்டு அரை மணித்தியாலம் கலக்குங்கள். அது கொதிப்பதே 33 பாகையில், எங்கள் கோடை அறை அதைவிடச் சூடு. போத்தலைப் பனிக்கட்டியில் குளிரவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாகத் திறவுங்கள்.

பிசினைக் கொட்ட வேண்டாம். நன்றாக ஐதாக்கி, புதிதாக இரண்டாம் தலைமுறை ஊக்கி போட்டால் சங்கிலி தன்னைத்தானே கடித்து வளையமாகத் திரும்புவதுண்டு. எனக்கு எல்லாத் தடவையும் சரிவந்ததில்லை, ஆனாலும் ஒரு மாதத் தாக்கியை வாளியில் ஊற்றுமுன் முயல வேண்டிய ஒன்று.

## அறிகுறி 4: வளையம் வந்தது, ஆனால் சரியான வளையம் அல்ல

திணிவு நிறமாலையில் எதிர்பார்த்ததைவிட 14 குறைவு என்றால், மூடுமுன்பே முனையில் இருந்த இரட்டைப் பிணைப்பு ஒரு காபன் உள்ளே நகர்ந்துவிட்டது. எதிலீனுக்குப் பதில் புரொப்பீன் போயிருக்கிறது, வளையம் ஒன்று சிறுத்திருக்கிறது. திணிவு சரி, என்எம்ஆர் பிழை என்றால், மூடிய பிறகு பிணைப்பு நகர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சிதைந்த ஊக்கி ருதேனியம் ஐதரைட்டாகி வேறு வேலை பார்க்கிறது.

வெப்பத்தைக் குறைத்து, நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். தாக்கம் முடிந்த பிறகும் "இரவு முழுக்க ஓடட்டும்" என்று விட வேண்டாம். கரைப்பானில் மெதனோலோ எதனோலோ காரமோ இருந்தால் அகற்றுங்கள், சூட்டில் அவை சேர்ந்துதான் ஐதரைட்டை உண்டாக்குகின்றன. அப்படியும் நகர்ந்தால் 1,4-பென்சோகுயினோன் 10 மூல் சதவீதம், அதாவது 11 மில்லிகிராம் தொடக்கத்திலேயே போடுங்கள். மஞ்சள் தூள், கண்ணை உறுத்தும், புகைக்கூண்டில்தான் நிறுக்க வேண்டும்.

எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது வேறொன்று. என்எம்ஆருக்கு எங்கள் மாதிரிகள் கொழும்புக்குப் போக வேண்டும். ஏழு காபன் வளையம் ஒன்றைத் தாக்கக் கலவையில் இருந்து நேரே எடுத்து, சின்னக் குப்பியில் அடைத்து, தெரிந்த ஒருவரின் பையில் ஏ9 வீதிப் பஸ்ஸில் அனுப்பினோம். முறிகண்டியில் பஸ் நின்று, எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி வரும்வரை அந்தப் பை வெயிலில். பிறகு ஒரு பகல் முழுக்கப் பயணம். வந்த நிறமாலையில் பிணைப்பு ஒரு காபன் தள்ளி இருந்தது. தாக்கத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் அதே கதை. கடைசியில் ஒரு பாதியில் ஊக்கியை எதைல் வைனைல் ஈதரால் கொன்று, சிலிக்காவில் வடித்து அனுப்பினோம், மற்றப் பாதியை அப்படியே அனுப்பினோம். கொன்றது சரியாக வந்தது, கொல்லாதது வழியிலேயே நகர்ந்திருந்தது. தாக்கத்தில் ஒரு பிழையும் இல்லை, ஊக்கி பஸ்ஸிலும் வேலை பார்த்திருக்கிறது. கொல்லாத மாதிரி எதுவும் இப்போது எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை.

நகர்ந்த பிணைப்பா வேறு பொருளா என்று ஒற்றைப் பரிமாண நிறமாலையில் பிரிக்க முடியாவிட்டால், ஊகித்து எழுத வேண்டாம். இரு பரிமாண அளவீட்டுக்குக் கருவியைக் கையாளும் நிபுணரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 5: விளைபொருள் கறுப்பாக இருக்கிறது

சிலிக்காக் கொலம் ஒன்று போதும் என்று நினைக்க வேண்டாம், ருதேனியம் கூடவே இறங்கி வரும். 1 மூல் சதவீத ஊக்கிக்கு டைமெதைல் சல்பொட்சைட்டு 36 மைக்ரோலீற்றர், அதாவது ஊக்கியின் 50 மடங்கு, சேர்த்து ஓர் இரவு கலக்கிவிட்டுக் கொலம் போடுங்கள். நிறம் இன்னும் இருந்தால் செயற்படுத்திய கரியோடு கலக்கி வடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரில் கரையும் திரிசு(ஐதரொட்சிமெதைல்)பொசுபீன், ஆனால் இது விலை.

நிறமில்லாததால் ருதேனியம் இல்லை என்று ஆகாது. உயிரியல் சோதனைக்கோ மருந்தாகவோ போகும் பொருள் என்றால் உலோக அளவை உரிய கருவியுள்ள ஆய்வுகூடத்தில் அளக்கக் கொடுக்க வேண்டும். வாயால் எடுக்கும் மருந்துக்குச் சர்வதேச வழிகாட்டல் அனுமதிக்கும் ருதேனியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் மட்டுமே. அதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது.

## அறிகுறி 6: போன மாதம் வேலை செய்த போத்தல் இப்போது செய்யவில்லை

அளவுகோல் தாக்கம் தோற்றது. இன்னொரு போத்தல் கரைப்பானில் திரும்பவும் தோற்றது. ஆகன் வழியில் கசிவு இல்லை என்று சவர்க்கார நுரையால் பார்த்தாயிற்று. சரி, இப்போது போத்தலைப் பார்க்கலாம்.

குளிர்பெட்டியில் இருந்து எடுத்தவுடன் திறந்தீர்களா? மாரியில் அந்தக் குளிர்ந்த தூளில் காற்றின் ஈரம் பனியாக இறங்கும். மூடியோடு அரை மணித்தியாலம் மேசையில் வைத்து, போத்தலின் வெளிப்புறம் உலர்ந்த பிறகே திறக்க வேண்டும். இந்த ஊக்கிகள் திண்மமாகக் கொஞ்ச நேரம் காற்றைத் தாங்கும், மாதக்கணக்கில் திறந்து மூடுவதைத் தாங்காது. கரண்ட் போய் வரும் இடத்தில் குளிர்பெட்டி ஒவ்வொரு முறையும் வியர்க்கிறது. ஒரு கிராம் போத்தல் வந்த அன்றே அதைப் பத்துச் சிறு குப்பிகளாகப் பிரித்து, ஆகன் நிரப்பி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் அடுக்கிவிடுங்கள். பிறகு கெட்டாலும் ஒரு குப்பிதான் கெடும்.

இன்னொரு குப்பியாலும் அளவுகோல் தாக்கம் தோற்றால் ஊக்கி உண்மையிலேயே போய்விட்டது. தொகுதி இலக்கத்தையும் உங்கள் அளவுகோல் முடிவையும் எழுதி விற்பனையாளருக்கு அனுப்புங்கள். முதல் தலைமுறைக்கு 20.0, இரண்டாம் தலைமுறைக்கு 19.1 அருகே வரும், உயிருள்ள ஊக்கியின் அடையாளமான பென்சிலிடீன் உச்சி இல்லாத என்எம்ஆர் ஒன்றும் சேர்த்து அனுப்பினால் அவர்கள் வாதாட மாட்டார்கள்.

சவர்க்கார நுரை சிலிண்டர் வால்விலோ ரெகுலேற்றர் கழுத்திலோ குமிழி காட்டினால், ஸ்பானர் எடுத்து நீங்களே இறுக்க வேண்டாம். தலை வால்வை மூடி, யன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வாயு வழங்குபவரைக் கூப்பிடுங்கள். ஆகனுக்கு மணமில்லை, மூடிய சின்ன அறையில் அது ஒட்சிசனைத் தள்ளிவிட்டு நிற்பது மூச்சடைக்கும்வரை யாருக்கும் தெரியாது.